புரையேறிய ஊர்

மஞ்சநத்தம் நகராட்சிக்கு ஒரு காரியமாகப் போகிறவர்கள், அந்தக் கட்டடம் கட்டிய நாளிலிருந்தே, "இங்க இல்ல, அங்க போய்க் கேளுங்க" என்ற ஒரே பதிலைக் காதில் வாங்கிக்கொண்டு, ஒரு ஜன்னலிலிருந்து அடுத்த ஜன்னலுக்கும், அங்கிருந்து மாடிக்கும், மாடியிலிருந்து பின்கட்டுக்கும் அலைந்து, கடைசியில் முதல் ஜன்னலுக்கே வந்து சேர்ந்து, அதற்குள் அது மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி மேல் எரிந்து விழுந்தார்கள். பிறகு நகராட்சிக்கு ஓர் இணையதளம் வந்தது. அதுவும் நகராட்சி பெற்ற பிள்ளைதானே, வேறு எப்படி இருக்கும். அதுவும் அங்கே போ, இங்கே போ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தத் தளத்தை எழுதியவள் முப்பிடாதி. மருந்துக்கடை மாடியில் நாலு நாற்காலியைப் போட்டு ஜெபஸ்டின் என்பவர் நடத்திய கம்பெனியில் அவள் மூத்த புரோகிராமர். உண்மையைச் சொன்னால் புரோகிராமரே அவள் ஒருத்திதான். புருஷன் நயினாருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. மகள் மகிழ்நிலா, வீட்டில் மகி, இரண்டாம் வகுப்பு படித்தாள். கேட்டதற்கெல்லாம் "எனக்குத் தெரியாது, அம்மாட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிடுகிற பிள்ளை.

"சனம் திட்டுதும்மா," என்றார் ஜெபஸ்டின் ஒரு நாள். "பேரு, தெரு, வீட்டு நம்பர் எல்லாம் அடிச்சு அமுக்குனா, அந்தப் பக்கத்துக்குப் போன்னு சொல்லுதாம். மேல முகவரி மாறிப் போகுதாம். அடிச்சதெல்லாம் காணாமப் போகுதாம்."

"அது ரீடைரக்ட் சார். இங்க இல்ல, அந்தா அங்க இருக்குன்னு சர்வர் கையக் காட்டும். பிரவுசர்தான் எந்திரிச்சுப் போயி மறுபடியும் மொதல்லருந்து கேக்கணும். போற வழியில கையில இருந்தது சிந்திரும்."

"சிந்தாம இருக்க வழி இல்லையா?"

"ஃபார்வர்டு பண்ணலாம். கேட்டவன் நின்ன இடத்துலயே நிப்பான். சர்வர் உள்ளுக்குள்ளயே வேற ஆள்ட்டத் தூக்கிக் குடுத்துரும். பதில் மட்டும் இதே ஜன்னல் வழியா வரும். முகவரி மாறாது."

"யாரு பதில் சொன்னான்னு கேட்டவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அதான் வேணும். மாத்திரு," என்றார் அவர்.

அன்று சாயங்காலமே மாற்றிவிட்டாள். மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டு வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்த செல்லக்கனியிடம் ஒரு வெளியூர்க்காரர் சுரண்டை வண்டி எப்போது என்று கேட்டார். பஸ்ஸில் ஏறினாலே வாந்தி எடுக்கிற செல்லக்கனி, கையில் இருந்த நாரிலிருந்து கண்ணை எடுக்காமல், "பத்தரை வண்டிக்கு டிரைவர் வரல, அடுத்தது ஆலங்குளம் சுத்திப் போகும், அதுல ஏறாதீங்க, அதுக்கடுத்த வண்டிக்குப் போங்க" என்றாள். குரல் அவள் குரல்தான், முகம் அவள் முகம்தான். அந்தச் சமயம் பார்த்து உள்ளே டைம் ஆபீசில் டீ குடித்துக்கொண்டிருந்த நேரக் காப்பாளருக்குப் புரையேறி, கண்ணில் நீர் வழிய இருமினார்.

அப்படித்தான் அது வந்தது. எதனால் வந்தது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. யாரை எதைக் கேட்டாலும், அந்தக் கேள்வி கேட்கப்பட்டவருக்குள் நுழைந்து, உள்ளுக்குள்ளேயே ஊரைக் கடந்து, விடை தெரிந்தவர், இல்லை தெரியும் என்று நினைக்கிறவர், யாரோ அவரிடம் போய்ச் சேர்ந்து, கேட்கப்பட்டவர் வாயாலேயே பதிலாக வெளியே வந்தது. விடைக்குச் சொந்தக்காரருக்கு அப்போது புரையேறியது, அவ்வளவுதான். யாருக்காவது புரையேறினால் உச்சந்தலையில் தட்டி "யாரோ நெனைக்காங்க" என்று சொல்வது மஞ்சநத்தத்தில் வழக்கமாக இருந்தது. ஒரு வாரம் போவதற்குள் அதே தட்டுத் தட்டி "யாரோ கேக்காங்க" என்று மாற்றிச் சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

பட்டா மாறுதலைப் பற்றி டீ மாஸ்டரிடம் கேட்டார்கள், டீ மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே சர்வே நம்பரோடு சொன்னார், கிராம நிர்வாக அலுவலர் தன் ஆபீசில் பகல் முழுக்க இருமினார். ரேஷன் கடையில் பருப்பு வந்துவிட்டதா என்று அவரவர் மாமியாரிடமே கேட்டுக்கொண்டார்கள். வக்கீல் வீட்டு வாசலில் கூட்டம் இல்லாமல் போய் வக்கீல் மட்டும் உள்ளே தண்ணீர்ச் செம்பும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அடிக்கடி புரையேறுகிறவருக்கு மரியாதை கூடியது. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எத்தனை தரம் புரையேறும் என்று விசாரித்தார்கள். ஒன்றும் தெரியாதவர்கள் என்று ஊர் நினைத்துவிடக் கூடாதே என்று சிலர் தெருமுனையில் நின்று சும்மாவே இருமிக்கொண்டார்கள். யாரும் எங்கேயும் நடக்க வேண்டியதில்லை, யாரும் யாரையும் அங்கே போ என்று விரட்டவில்லை, 'தெரியாது' என்ற வார்த்தையே ஊரில் புழங்கவில்லை. சொர்க்கம் என்றார்கள்.

முப்பிடாதி மட்டும் அப்படிச் சொல்லவில்லை. மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். ஃபார்வர்டில், கேள்வியைக் கைமாற்றிவிட்டவன் எங்கேயும் போவதில்லை. மற்றவன் பேசி முடிக்கும்வரை அவன் உள்ளேயே, வாய் திறந்தபடி, ஒன்றும் செய்ய முடியாமல் நின்றுகொண்டிருப்பான். பெரியவர்களுக்கு அது பஸ்ஸில் ஒரு கண் அசந்த மாதிரிதான் இருந்தது. அவளுக்கே நாலைந்து முறை நடந்திருக்கிறது. கண்ணைச் சிமிட்டி முழித்தபோது எதிரே இருந்தவர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் பெரியவர்களை ஊர் ஒரு நாளைக்கு எத்தனை கேள்வி கேட்டுவிடும்? பிள்ளைகளைத்தான் ஊரே கேட்கிறது. பேர் என்ன, எத்தனாவது படிக்கிற, காலையில என்ன சாப்பிட்ட, அம்மாவைப் பிடிக்குமா அப்பாவைப் பிடிக்குமா என்று, கேட்கிறவர்களுக்கே விடை தெரிந்த கேள்விகளை, கன்னத்தைக் கிள்ளிக்கொண்டு, போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளையைப் பற்றிய கேள்விக்கு விடை தெரிந்தவள் வேறு யார், அம்மாதான்.

ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போது அவளுக்குப் புரையேறத் தொடங்கியது. முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, யாரோ மகியைச் சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு அது விடாமல் வந்தது. மகியைப் பள்ளிக்கூடம் போகிற ஆட்டோவில், வகுப்பில், விளையாட்டு நேரத்தில், வீடு திரும்பும் வழியில், எதிர்வீட்டு வாசலில் என்று யாராவது கேட்கக் கேட்க அடுத்தடுத்து வந்தது; ஒவ்வொரு முறையும் அவள் தண்ணீர் பாட்டிலைத் தேடுகிற நேரத்தில் எங்கேயோ தன் பிள்ளை வாய் திறந்தபடி உள்ளே நிற்கிறாள் என்ற நினைப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நயினார் போன் செய்து மகளிடம் பேசினான். அடுப்படியில் நின்ற முப்பிடாதிக்குப் புரையேறியது. பிறகு போனை அவள் வாங்கினாள்.

"என்னங்க கேட்டீங்க அவகிட்ட?"

"அப்பாவத் தேடுதான்னு கேட்டேன். பெரிய மனுஷி மாரி பேசுதா முப்பி. 'தேடத்தான் செய்யுது, என்ன செய்ய, சொன்னா மட்டும் வரவா போறீங்க'ன்னு சொல்லுதா." அவன் சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அது அவள் மனசில் வருஷக்கணக்காகக் கிடந்த வாக்கியம். புருஷனிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அதைச் சொன்ன பிள்ளை தரையில் உட்கார்ந்து பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள், அப்பாவை அவள் தேடினாளா இல்லையா என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

மறுநாள் முப்பிடாதி யாரையும் கேட்காமல், மாற்றியதையெல்லாம் பழையபடி ரீடைரக்டாகவே திருப்பி எழுதினாள். நகராட்சித் தளம் மறுபடியும் சனங்களை அங்கே போ, இங்கே போ என்று விரட்டியது. ஊர் மட்டும் மாறவில்லை.

"ஏம்மா இப்பிடிச் செஞ்ச?" என்றார் ஜெபஸ்டின்.

"பயமா இருக்கு சார். எம்பிள்ளைட்ட எதக் கேட்டாலும் நான்தான் பதில் சொல்லுதேன்."

"பெத்தவதானம்மா சொல்லுத. வேத்தாளா சொல்லுதா?" அவர் நல்ல மனுஷர்தான், ஆறுதலாகத்தான் சொன்னார். "மறுபடி மாத்திரு. இந்த ஊரு இப்பதான் ஊரு மாரி இருக்கு."

அந்த வாரத்தில்தான் மகி படுத்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் பாயில் சுருண்டுகொண்டாள். உடம்பு லேசாகச் சுட்டது.

"எங்கம்மா வலிக்கி?" என்று முப்பிடாதி கேட்டாள். கேட்டு வாய் மூடுவதற்குள் அவளுக்கே புரையேறியது.

"தொப்புளச் சுத்தி," என்றாள் பிள்ளை தெளிவாக. "கண்டதத் தின்னுருப்பேன். வாயுவாத்தான் இருக்கும். ஓமத்தண்ணி குடிச்சாச் சரியாப் போகும்."

இருமிக்கொண்டே அவள் மகளைப் பார்த்தாள். தான் கேட்ட கேள்வி மகளுக்குள் போய், மகளைத் தாண்டி, தன்னிடமே திரும்பி வந்து, தன் நினைப்பையே எடுத்துக்கொண்டு போய் மகளின் குரலில் தன் முன்னால் வைத்திருக்கிறது. மறுபடி கேட்டாள். மறுபடி புரையேறியது. மறுபடியும் ஓமத்தண்ணி. வேறு வழி தெரியாமல் ஓமத்தண்ணியைக் காய்ச்சிக் கொடுத்தாள், பிள்ளை அதைக் கக்கிவிட்டாள்.

டாக்டர் அனந்தலட்சுமியின் கிளினிக்கில் இப்போதெல்லாம் ஸ்டெதஸ்கோப் ஆணியில் தொங்கியது. நோயாளிகள் தங்கள் வாயாலேயே நோயின் பெயரையும் மருந்தையும் சேர்த்துச் சொல்லும்போது அவர் எதற்கு அதைக் காதில் மாட்டப் போகிறார்.

"என்னடா குட்டி, என்ன பண்ணுது?" என்று கேட்டுவிட்டு டாக்டர் கைக்குட்டையில் இருமினார்.

"சாதாரண இன்ஃபெக்‌ஷன்தான்," என்றாள் மகி, கண்ணைத் திறக்காமல். "ரெண்டு நாள் சிரப் குடுத்தாப் போதும்."

"டாக்டர், அது நீங்க சொன்னது."

"நானா? பிள்ளைதானேம்மா சொல்லிச்சு. உங்க காதாலதானே கேட்டீங்க?"

சிரப்பை வாங்கிக்கொண்டு வந்தாள். மறுநாள் மத்தியானம் பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. வலது காலை மடக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தாள். தொட்டால் பல்லைக் கடித்தாள். அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்து என்ன செய்யுது என்று கேட்டார்கள், ஒவ்வொருவருக்கும் புரையேறியது, ஒவ்வொருவருக்கும் அவரவர் நினைத்து வந்ததே பதிலாகக் கிடைத்தது. ஒருத்திக்குக் கண்ணேறு என்றது பிள்ளை, இன்னொருத்திக்கு உஷ்ணம் என்றது, மூன்றாமவளுக்குப் பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் நடிப்பு என்றது. முப்பிடாதி எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். பிள்ளை செத்துப்போய்விடுவாள் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அவளுடைய வலி எங்கே என்று தெரிந்த ஒரே ஆள் அவளுக்குள்ளேயே நிற்கிறாள், அவளிடம் மட்டும் எந்தக் கேள்வியும் போய்ச் சேரவில்லை.

கதவில் முதுகைச் சாய்த்து நின்றபோதுதான் அவளுக்கு அந்தப் பிழைச் செய்தி நினைவுக்கு வந்தது. வேலை செய்கிற காலமெல்லாம் அவளை எரிச்சல்படுத்திய செய்தி அது. ஓர் இணையப் பக்கம் தன் பதிலை அனுப்பத் தொடங்கிவிட்டது என்றால், அதில் ஓர் எழுத்து, ஒரே ஓர் எழுத்து கேட்டவனுக்குப் போய்விட்டது என்றால்கூட, அதற்குமேல் அதை வேறிடத்துக்கு ஃபார்வர்டு செய்ய முடியாது. முடியாது என்று சர்வர் அடம்பிடித்து நின்றுவிடும். தொடங்கியவன்தான் முடிக்க வேண்டும்.

அவள் பாயில் உட்கார்ந்தாள். கதை சொல்லட்டுமா என்று கேட்க வாயெடுத்து, அதுவும் கேள்விதான் என்று உணர்ந்து, வாயை மூடிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "மகி, கத சொல்லுதேன். நீ ம் கொட்டு. கொட்டலன்னா நிறுத்திருவேன்."

பிள்ளை அசையவில்லை.

"ஒரு ஊர்ல ஒரு ஆன இருந்துச்சு. அதுக்கு ஒரு நாள் மீச மொளச்சிட்டு."

ஒன்றும் வரவில்லை. 'ம்' எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை. நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்வது அது. அதை இன்னொருவர் சொல்லித் தர முடியாது. உள்ளே யாராவது இருந்தால்தானே அது வரும் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. அழுதுகொண்டே சொன்னாள். "மீசைய மழிக்கதுக்கு அந்த ஆன சலூன் கடைக்குப் போச்சு. கடைக்காரரு ஏணியத் தேடுதாரு."

"ம்," என்றாள் பிள்ளை.

அந்த ஒலி முடிவதற்குள், உதடு பிரிவதற்குள், அதன்மேலேயே ஏறிக் கேட்டாள்: "எங்கட்டி வலிக்கி?"

தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். புரையேறவில்லை.

"ம்... ம்... இங்க," என்றாள் மகி. வலது பக்கம், அடிவயிற்றில், விரல் போய் நின்றது. குரல் கரகரத்தது. "கால நீட்டுனா கிழிக்கி. நீ தடவுன இடம் இல்ல. அங்க வலிக்கவே இல்ல." பிறகு, நிறுத்தாமல், நெடுநாள் தேக்கி வைத்திருந்ததைப் போல, "எல்லாரும் என் மேல ஏறி ஏறிப் போறாங்கம்மா. நான் செவத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கேன். நீதான் ரொம்பத் தடவ போற" என்றாள்.

முப்பிடாதி அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். ஆட்டோவில் யானைக்கு மீசை மழித்தது, மழித்த மீசையைக் கயிறு என்று நினைத்து ஒருவர் கிணற்றில் விட்டது, அதில் வாளி கட்டியது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிள்ளையின் 'ம்' வந்தது. வர ஒரு நொடி தாமதமானால் இவளுக்கு உயிர் போய்த் திரும்பியது. ஊர்க்கோடியில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் இளவயது சர்ஜன் ஒருவர் குனிந்து, "பாப்பா, எங்க..." என்று தொடங்கியபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்காதீங்க டாக்டர். தொட்டுப் பாருங்க. இந்தப் பக்கம்."

அவர் அழுத்தி, கையை எடுத்தார். மகி அலறினாள். அந்த அலறலைக் கேட்டு முப்பிடாதிக்கு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் அது வேறு யாருடையதும் இல்லை. குடல்வால் வீங்கி உடையப் போகிற நிலையில் இருந்தது. உடனே உள்ளே கொண்டுபோனார்கள்.

பிழைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் மகி கட்டிலில் சாய்ந்து உட்காரும் அளவுக்குத் தேறியிருந்தாள். நர்ஸ் வந்து, "எந்த மாத்திரையாவது உனக்கு ஒத்துக்காதா பாப்பா?" என்று கேட்டாள். முப்பிடாதி தடுக்க எழுந்தாள். ஆனால் நர்ஸ் பக்கத்தில் வந்தபோதே பிள்ளை முந்திக்கொண்டு "ம்..." என்று இழுத்து வைத்திருந்தாள்.

"ம்... தெரியாது. அம்மாட்ட கேளுங்க."

நர்ஸுக்கு அந்த வார்த்தை மறந்தே போயிருந்தது போல. ஒரு கணம் முழித்துவிட்டு, கட்டிலைச் சுற்றிக்கொண்டு, தன் காலால் நடந்து முப்பிடாதியிடம் வந்து கேட்டாள். முப்பிடாதி சொன்னாள். அது அவளுக்கே தெரிந்த விஷயம். சொல்லும்போது அவளுக்குக் கண் நிறைந்தது, உலகம் திரும்பிவிட்டது என்று நினைத்தாள், ஒருவரை ஒருவர் கையைக் காட்டி அனுப்புகிற அந்த நல்ல உலகம்.

நர்ஸ் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், பிள்ளையின் தலைக்கு மேலாக, பெரியவர்கள் கேட்கிற வழக்கத்தில் கேட்டாள்: "பிள்ளைக்கு இப்ப வலி எப்பிடிம்மா இருக்கு?"

முப்பிடாதிக்குக் கண் அசந்த மாதிரி இருந்தது. எங்கேயோ சுவரோரமாக நிற்பது போலவும், சிறிய பாதம் ஒன்று தன்மேல் ஏறிக் கடந்து போவது போலவும் இருந்தது. தன் வாய், தன் குரலில், "சும்மா இருந்தாப் பரவால்ல, இருமுனாதான் தையல் பிரியுத மாரி வலிக்கி" என்று சொல்வது கேட்டது.

கட்டிலில் மகிக்குப் புரையேறியது. இருமினாள். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகம் வெளுக்க, இருமி இருமிச் சுருண்டாள். பிள்ளையைப் பற்றி அம்மாவிடம் யார் எது கேட்டாலும் இனி என்ன நடக்கும் என்று முப்பிடாதிக்குப் புரிந்தது. ஊரில் யாரும் பிள்ளையைப் பற்றி வேறு யாரிடம் கேட்பார்கள்?

நர்ஸ் பதறி, "என்னாச்சும்மா அவளுக்கு, ஏன் இருமுதா?" என்றாள்.

முப்பிடாதி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். உதடுகள் உள்ளே அசைந்தன. பல்லால் அவற்றைக் கடித்து அடக்கிக்கொண்டு, ஒரு கையை மட்டும் மெல்ல எடுத்து, அங்கே கேள் என்பது போல மகளைக் காட்டினாள்.